சில தகவல்கள் மட்டும்

வாடிக்கையாளர்களில் இரண்டு வகை உண்டு என்பது டாக்டரின் கணிப்பு. கம்ப்யூட்டரில் எதையாவது நோண்டிக் கெடுத்துவிட்டு "நான் ஒண்ணுமே பண்ணலையே" என்பவர்கள் முதல் வகை. இரண்டாவது வகை இன்னும் பிறக்கவில்லை.

டாக்டர் என்றால் ஊசி போடும் டாக்டர் இல்லை. வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். தோளில் பையும், 'எல்லாம் கைமீறிப் போய்விட்டது' என்கிற முகமுமாக அவர் படியேறி வருவதைப் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. அவர் நோயாளியிடம் மட்டும்தான் மரியாதையாக நடந்துகொள்வார். நோயாளியின் வீட்டாரைக் கிருமி வகையில் சேர்த்திருந்தார்.

அன்று மதியம் மூன்றாவது மாடி வீட்டின் மணியை அழுத்தியபோது, கதவு சங்கிலியின் நீளத்துக்கு மட்டும் திறந்தது. இடுக்கில் ஒரு வயதான அம்மாளின் ஒற்றைக் கண்.

"யாரு?"

"கம்ப்யூட்டர் டாக்டர்மா. வரச் சொல்லியிருந்தாங்க."

"இங்க யாருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்ல. போயிட்டு வா."

கதவு மூடிக்கொண்டது. உள்ளே யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. "அத்தை, நான்தான் வரச் சொன்னேன். வழி விடுங்க அத்தை." சங்கிலி கழன்றது. முப்பதைத் தொடாத ஒரு பெண் நின்றிருந்தாள். தலைமுடியில் ஹெட்போன் அழுத்திய தடம். கண்ணுக்குக் கீழே தூங்காத நிழல்.

"வாங்கண்ணா. தப்பா எடுத்துக்காதீங்க. அத்தை எல்லார்கிட்டயும் இப்படித்தான்."

"எல்லார்கிட்டயும் இல்ல," என்றாள் மாமியார். "ஃபேன் ரிப்பேர் பண்ண வந்தவனை நல்லாத்தான் கவனிச்சேன். ஒரு வார்த்தை பேசாம வேலையை முடிச்சிட்டுப் போனான்."

வெளியே தெரு வெயிலில் வெந்துகொண்டிருந்தது. கூடத்தில் மட்டும் திரைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. மூலையில் ஒரு மேஜை. அதன்மேல் கம்ப்யூட்டர். பழையதுதான், ஆனால் பத்திரமாக வைத்திருந்த பழசு. விசைப்பலகையும் மவுசும் அடிக்கோல் வைத்து அளந்ததுபோல் நேர்க்கோட்டில் இருந்தன. திரையின் மேல் விளிம்பில், மோட்டார் சைக்கிளில் பின்னால் வருபவர்களைப் பார்க்க வைப்பார்களே, அப்படி ஒரு கண்ணாடி திருகப்பட்டிருந்தது.

"இது எதுக்கு?" என்றார் டாக்டர். இருபது வருஷத் தொழிலில் திரைக்குள் பல்லி வசித்ததைப் பார்த்திருக்கிறார், இதைப் பார்த்ததில்லை.

"மாமா வெச்சதுண்ணா. முதுகுக்குப் பின்னாடி யார் போறாங்க, யார் வர்றாங்கன்னு பார்க்க. போன வருஷம் தவறிட்டாரு. இதே நாற்காலியிலதான். கழட்டிடலாம்னு பார்த்தேன், ஸ்க்ரூ சுத்துதே தவிர வெளிய வர மாட்டேங்குது."

நாற்காலி மரத்தாலானது. கை வைக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது.

மருமகள் விஷயத்தைச் சொன்னாள். அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. எங்கோ இருப்பவர்கள் எழுத்தில் புகார் அனுப்புவார்கள், இவள் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆபீஸ் இந்த ஒரு கம்ப்யூட்டரைத்தான் பதிவு செய்திருக்கிறது. இரண்டு வாரமாக நடுநடுவே நீலத் திரை வந்து எல்லாம் அறுந்துவிடுகிறது.

"இன்னிக்கு சாயங்காலம் ஷிப்ட். இன்னும் ஒரு தடவை பாதியில காணாம போனா வேற ஆளைப் பார்த்துக்கறோம்னு சொல்லிட்டாங்கண்ணா. இந்த வேலை நிரந்தரமாச்சுன்னா நான் என் வீட்டுக்காரர் இருக்கிற ஊருக்கே போயிடலாம். அதுவரைக்கும் இங்கதான்."

'இங்கதான்' என்றபோது சமையலறையில் ஒரு தட்டு தேவைக்கு மேல் சத்தம் போட்டது. டாக்டர் அந்தத் திசையைப் பார்த்தார். நோய்க்கான காரணம் பாதி புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

"சரி, உட்காருங்க. வழக்கமா என்ன செய்வீங்களோ அதைச் செய்ங்க. கோளாறு என் கண்ணு முன்னாடி வரணும்."

அவள் உட்கார்ந்தாள். கடவுச்சொல் கேட்டது. விரல்கள் விசைகளின் மேல் நின்றன.

"மறந்துட்டீங்களா?"

"தினமும் அடிக்கிறதுதாண்ணா..." சிரிக்கப் பார்த்தாள். "இப்பல்லாம் இப்படித்தான் ஆகுது. நேத்து எங்க அம்மா போன் பண்ணாங்க. 'யார் பேசறது'ன்னு கேட்டேன். விளையாடறேன்னு முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் அழுதுட்டாங்க."

தூக்கமின்மை என்று டாக்டர் மனதுக்குள் சீட்டு எழுதினார். அது தன் துறை இல்லை என்பதால் சீட்டைக் கிழித்தும் போட்டார்.

ஒருவழியாகக் கடவுச்சொல் நினைவுக்கு வந்து அவள் வேலையைத் திறந்தாள். கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகு மவுஸ் அம்பு நின்றது.

திரை நீலமானது. வானத்து நீலம் இல்லை. அடி விழுந்த கன்னம் மறுநாள் காட்டுகிற நீலம்.

வழக்கமான வாசகம்தான். உங்கள் கணினியில் சிக்கல் ஏற்பட்டுள்ளது. சில தகவல்களை மட்டும் திரட்டிக்கொண்டிருக்கிறோம். பிறகு உங்களுக்காக மீண்டும் தொடங்கிவைப்போம். அதன் கீழே சதவீத எண்.

61.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இந்த எண் எப்போதும் பூஜ்யத்திலிருந்துதான் கிளம்பும். எந்தக் கம்ப்யூட்டரும் போன தடவை விட்ட இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு தொடர்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

64. 66.

சமையலறையிலிருந்து மாமியார் வந்தாள். அந்த வயதுக்கு அந்த வேகம் ஆகாது. டாக்டரை இடித்துத் தள்ளிவிட்டு, சுவரோரம் குனிந்து, பிளக்கைப் பிடித்து ஒரே இழு.

68-இல் திரை செத்தது.

"பார்த்தீங்களாண்ணா?" என்றாள் மருமகள். "ஒவ்வொரு தடவையும் இதேதான். தானா சரி ஆக விடமாட்டாங்க. என் வேலை போகணும், அவ்வளவுதான் அவங்களுக்கு."

"ஆமா, அவ்வளவுதான்," என்றாள் மாமியார். மறுக்கவில்லை. மூச்சு மட்டும் வாங்கியது.

டாக்டரின் ரத்தம் கொதித்தது. இந்த உலகத்தில் அவர் மன்னிக்காத குற்றம் ஒன்று உண்டென்றால், அது ஓடுகிற மெஷினின் பிளக்கைப் பிடுங்குவது.

"அம்மா, இது என்ன இஸ்திரிப் பெட்டியா? கம்ப்யூட்டர் விழறதுக்கு முன்னாடி, தன்னை எது கொன்னுச்சுன்னு ஒரு ஃபைல்ல எழுதி வெச்சிட்டுத்தான் விழும். மரண வாக்குமூலம் மாதிரி. நூறு வரைக்கும் போனாத்தான் அது முழுசாகும். நீங்க ஒவ்வொரு தடவையும் பாதியில வாயைப் பொத்திட்டா நான் எதை வெச்சு வைத்தியம் பார்க்கறது?"

"பார்க்காத," என்றாள் மாமியார். "பையைத் தூக்கிட்டுக் கிளம்பு."

டாக்டர் கிளம்பவில்லை. பெட்டியைத் திறந்தார்.

உள்ளே தூசியைத் தேடினார். இல்லை. மெமரிப் பட்டைகளைக் கழற்றி, அவற்றின் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி சொருகினார். பலனில்லை என்று தெரிந்து, பையில் இருந்த தன் சொந்தப் பட்டைகளைப் போட்டார். ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்தார். குழந்தை போல ஆரோக்கியமாக இருந்தது. கரண்ட் பெட்டியை மாற்றினார். தானே நாற்காலியில் உட்கார்ந்து, அவள் செய்த அத்தனையையும் செய்து பார்த்தார். மெஷின் முனகக்கூட இல்லை. யாரும் உட்காராமல் ஓடவிட்டார். ஓடியது. அவளை உட்காரச் சொன்னார்.

நீலம்.

68.

விட்ட இடத்திலிருந்து.

இந்த முறை டாக்டரே சட்டென்று பட்டனை அழுத்தி அணைத்தார். ஏன் அணைத்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை. ஓய்ந்துகொண்டிருந்த விசிறிக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தார். எந்தக் கம்ப்யூட்டரின் முதுகிலும் சூடான காற்றுதான் வரும். இதில் ஜில்லென்று வந்தது. ஒரு வாடையும் கூடவே. நாள்பட அலமாரியில் பூட்டிவைத்த ஆண்பிள்ளைச் சட்டையின் வாடை.

கை கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார். மாமியார் குழாயடியில் நின்றிருந்தாள். அவரைப் பார்க்காமலேயே பேசினாள். குரல் தணிந்திருந்தது.

"தம்பி. எங்க வீட்டுக்காரர் கிடங்குல மேற்பார்வை பார்த்தவரு. வீட்டுக்கு வந்தா எங்களை மேற்பார்வை பார்ப்பாரு. கேள்வி, கேள்வி, கேள்வி. எங்க போன, யாரைப் பார்த்த, அவ என்ன சொன்னா, நீ என்ன சொன்ன. அடிக்க மாட்டாரு. கத்த மாட்டாரு. கேட்டுக்கிட்டே இருப்பாரு. பதில் சொல்ற வரைக்கும் தூங்க விடமாட்டாரு."

"அதுக்கும் கம்ப்யூட்டருக்கும்..."

"உள்ள இருக்கிறது ஒண்ணு விடாம எடுத்துக்கிட்டா, அப்புறம் நாமன்னு ஒண்ணு மிச்சம் இருக்காது தம்பி. அவர் சொல்றதைச் செய்யற கையும் காலும்தான் இருக்கும். முப்பது வருஷம் நான் அப்படித்தான் இருந்தேன்." குழாயை மூடினாள். "போன வருஷம்தான் நிம்மதியா மூச்சு விட்டேன். இப்ப இந்தப் பொண்ணுகிட்ட ஆரம்பிச்சிருக்காரு. சொன்னா நம்புவாளா? அவளுக்கு நான் வில்லி. பரவால்ல, இருந்துட்டுப் போறேன். பிளக்கை மட்டும் யாரும் தடுக்காதீங்க."

கூடத்தில் யாரோ மூக்கால் மெல்ல மூச்சுவிட்ட மாதிரி இருந்தது.

விசிறிச் சத்தமாகத்தான் இருக்கும். ஆனால் கம்ப்யூட்டரை அவர் அணைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். அந்த நிமிஷத்தில் அவர் பையைத் தூக்கியிருக்கலாம். ஆனால் படித்த வித்தை சும்மா இருக்கவிடுமா? 'மாமியார் மருமகள் சண்டைக்கு ஆவியைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொன்னதும் தைரியம் வந்தது. தைரியம் வந்ததும் யோசனை வந்தது.

கீழே போய், வண்டியில் இருந்த யூபிஎஸ் பெட்டியை மூச்சிரைக்க மேலே தூக்கி வந்தார். உள்ளே பாட்டரி உள்ள பெட்டி. சுவரில் கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் சாகாமல் பார்த்துக்கொள்ளும். கம்ப்யூட்டரை அதில் சொருகி, அதைச் சுவரில் சொருகினார்.

"இனிமே யார் பிளக்கைப் பிடுங்கினாலும் கவலையில்ல," என்றார் மருமகளிடம், சமையலறைக்குக் கேட்கிற மாதிரி. "ஒரே ஒரு தடவை நூறு வரைக்கும் போகட்டும். அந்த ஃபைல் கையில கிடைச்சா உங்க ஷிப்டுக்கு முன்னாடி சரி பண்ணிடறேன்."

"நிஜமாவாண்ணா?" அவள் முகத்தில் அன்று முதல் முறையாக வெளிச்சம் வந்தது. "இந்த வேலை மட்டும் போகக்கூடாதுண்ணா. இந்த வீட்டுல என்னால இருக்க முடியல."

அவள் உட்கார்ந்தாள்.

இந்த முறை காத்திருக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அவள் கைகள் அந்த மரக் கைப்பிடிகளின் பள்ளத்தில் போய்ப் பொருந்தியதுமே திரை நிறம் மாறியது.

69.

மாமியார் ஓடிவந்தாள். குனிந்தாள். இழுத்தாள். பிளக் கையோடு வந்தது.

யூபிஎஸ் 'பீப்' என்றது.

70.

அவள் கையில் இருந்த பிளக்கைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி பிளக்கைப் பார்த்தாள். ஆயுசு முழுக்கத் திறந்த பூட்டு அன்றைக்குத் திறக்காத மாதிரி ஒரு பார்வை.

பீப்.

"என்ன பண்ணின? டேய், என்ன பண்ணி வெச்சிருக்க?"

"அமைதியா இருங்கம்மா. முடியட்டும்."

74. 77.

"தம்பி, அதை நிறுத்து. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். அந்தப் பெட்டியில எது பட்டன், காட்டு."

டாக்டர் யூபிஎஸ்ஸை மறைத்து நின்றார். அவள் அவரது சட்டையைப் பிடித்து இழுத்தாள், தோளில் குத்தினாள். அவர் நகரவில்லை. தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

81.

அப்போதுதான் அந்த முணுமுணுப்பு அவர் காதில் விழுந்தது.

மருமகளின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கண்கள் திரையைவிட்டு அகலவில்லை. யாரோ கேட்கக் கேட்க அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆமா... ஆமா... இல்ல, எட்டாவது வரைக்கும் அங்கதான் படிச்சேன்... அப்பாதான் சைக்கிள்ல கொண்டுபோய் விடுவாரு... பச்சை கலர் சைக்கிள்... இல்ல, அதை யார்கிட்டயும் சொன்னதில்ல... சொல்லணுமா?... சரி..."

பீப்.

86.

"மா," என்றார் டாக்டர். "ஏம்மா. இங்க பாருங்க."

அவள் பார்க்கவில்லை.

"அவருக்குக்கூடத் தெரியாது... நான் மட்டும் வெச்சிருந்த ஞாபகம்... அதுவுமா?"

அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. குரலில் அழுகை இல்லை.

92.

அந்தச் சட்டை வாடை கூடம் முழுக்க நிறைந்தது. ஜில்லென்ற காற்று டாக்டரின் கணுக்காலைத் தடவியது. மூக்கால் விட்ட மூச்சு இப்போது மெதுவாகவும் ஆழமாகவும் கேட்டது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தவன் விடுகிற மூச்சு.

95.

டாக்டரின் கை யூபிஎஸ் பட்டன் வரைக்கும் போனது. விரல் அதன்மேல் இருந்தது. அழுத்தினால் போதும். ஆனால் இருபது வருஷம் அத்தனை வீட்டிலும் அத்தனை பேரையும் 'முடியற வரைக்கும் தொடாதே' என்று திட்டிய விரல் அது.

இன்னும் கொஞ்சம்தானே என்று நினைத்தது.

98.

"அம்மா பேரு..." என்றாள் மருமகள்.

99.

"எங்க அம்மா பேரு..."

சொன்னாள்.

100.

திரை இருண்டது. கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை, அந்தப் பீப்பைத் தவிர. மேலே திருகியிருந்த கண்ணாடியில் டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணாடிக்குள்ளிருந்து அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாள் என்று தெரியவில்லை.

கம்ப்யூட்டர் இதமாகக் கிளம்பியது. புதிதாக வாங்கியது போல, ஒரு திக்கல் இல்லாமல், எல்லாம் திறந்துகொண்டது.

"அந்தச் சத்தத்தை நிறுத்து," என்றாள் மருமகள்.

அவளுடைய குரல்தான். அதே மென்மை. அதுதான் டாக்டரின் முதுகுத்தண்டில் ஏறியது. வேறு குரல் வந்திருந்தால் ஏதாவது வியாதி என்று நம்பியிருப்பார். 'அண்ணா' மட்டும் இல்லை.

அவர் பிளக்கை எடுத்துச் சுவரில் சொருகினார். பீப் நின்றது.

அவள் கைப்பிடிகளில் கையை ஊன்றி நாற்காலியோடு மெல்லத் திரும்பினாள். மாமியாரைக் கால் முதல் தலை வரை பார்த்தாள்.

"ஒரு வருஷம் நல்லா இருந்தியா?"

தட்டை உடைக்கிற மாதிரி வைப்பவள், வாசலில் ஆளை விரட்டுபவள், இப்போது சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். தலை தானாகக் குனிந்தது. கைகள் முன்னால் கோத்துக்கொண்டன. தன் பாதி வயதுகூட ஆகாத பெண்ணிடம் அவள் சொன்னாள்:

"இருந்தேங்க."

"யார் யார் வந்து போனா?"

"யாரும் வரலைங்க."

"ஃபேன் ரிப்பேர் பண்ண ஒருத்தன் வந்தானாமே."

மாமியார் வாயைத் திறந்தாள். பதில் வருவதற்குள் டாக்டர் பையை எடுத்திருந்தார். கருவிகளில் பாதி மேஜையிலேயே கிடந்தன. யூபிஎஸ் தரையில் பச்சை விளக்கோடு கிடந்தது. அதற்காகத் திரும்பிப் போகிற அளவுக்கு அவர் தொழில் பக்தர் இல்லை.

"நல்லா வேலை பார்த்த," என்று அவர் முதுகுக்குப் பின்னால் அந்த மென்மையான குரல் சொன்னது. "கதவை ஒழுங்கா சாத்திட்டுப் போ."

சாத்திவிட்டுத்தான் போனார்.

அதற்கப்புறம் வந்த நாட்களில் டாக்டர் தன்னைத் தானே சமாதானப்படுத்தும் வேலையை மும்முரமாகச் செய்தார். தூக்கம் கெட்டால் மனுஷர் எப்படியெல்லாமோ பேசுவார்கள். வேலை அழுத்தம் வேறு. வெளியூரில் இருக்கும் அந்தப் பெண்ணின் கணவர் போன் செய்து நன்றி சொன்னார். மெஷின் ஒரு தடவைகூட நின்றதில்லையாம். வேலை நிரந்தரமாகிவிட்டதாம். ஆபீஸில் அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்களாம், வாடிக்கையாளர்களிடம் அவள் மாதிரி விவரமாக விசாரிக்கிறவர் யாருமில்லையாம்.

"அப்ப உங்க ஊருக்கு வந்துடுவாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க. கேட்டேன். அங்கேயே இருக்கேங்கறா. என்னைத்தான் திரும்பி வரச் சொல்றா. நான் எங்க போறேன், யாரோட சாப்பிடறேன்னு தினமும் ஒரு மணி நேரம் கேக்கறா. பாசம்." சிரித்தார். "எங்க அப்பா மாதிரியே ஆயிட்டா."

டாக்டர் போனை வைத்தார்.

எந்த வீட்டுக்குப் போனாலும், கடையில் இருந்தபடியே அந்தக் கம்ப்யூட்டரைப் பார்க்க உதவும் மென்பொருள் ஒன்றை அதில் போட்டுவிட்டு வருவது அவருடைய வழக்கம். அந்த வீட்டிலும் சோதனையின்போதே போட்டிருந்தார். அடுத்த வாரம் ஒரு காலை வேளை. கடை வாசலில் வெயில் சுள்ளென்று அடித்தது. எதிர்க்கடையில் யாரோ ஷட்டரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டாக்டரின் திரையில் ஒரு சின்னப் பெட்டி தானாகத் திறந்தது. அந்த மூன்றாவது மாடி வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து யாரோ எழுதினார்கள்.

அண்ணா, லைன்ல இருக்கீங்களா?

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஷிப்ட் முடிஞ்சுதான்னு தெரியல. எழுந்திருக்கணும். எழுந்திருக்கிறதுக்கு என் கை எங்க இருக்குன்னு தெரியலண்ணா.

டாக்டர் போனை எடுத்து அந்தப் பெண்ணின் எண்ணுக்கு அடித்தார். முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது.

"சொல்லு."

"மா... இப்ப கம்ப்யூட்டர்ல எதாவது டைப் பண்ணிட்டு இருக்கீங்களா?"

"நான் ஜன்னல்கிட்ட நிக்கறேன். கம்ப்யூட்டர் முன்னாடி யாரும் இல்லையே." குரல் மென்மையாக, ஆர்வமாக இருந்தது. "நீ எங்க இருக்க?"

"கடையில."

"தனியாவா?"

"ஆமா."

"கடை யார் பேர்ல இருக்கு?"

"சம்சாரம் பேர்ல." சொன்ன பிறகுதான், அதை யாரிடமும் சொன்னதில்லை என்பது அவருக்கு உறைத்தது. போனை வைக்க வேண்டும் என்று நினைத்தார். கை காதோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

திரையில் எழுத்துகள் வேகவேகமாக ஓடின.

அண்ணா, அது கேக்கறதுக்குப் பதில் சொல்லாதீங்க. எது கேட்டாலும் சொல்லாதீங்க. நான் இங்கதான் இருக்கேன். அத்தைகிட்ட மட்டும் சொல்லுங்க, நான் இங்கதான் இருக்கேன்னு. அவங்க என்னைக் கண்டுபிடி

"என்ன திடீர்னு அமைதியா ஆயிட்ட?" என்றது போன். "ஏதோ படிக்கற மாதிரி இருக்கே."

டாக்டர் பல்லைக் கடித்தார். நாக்கைப் பற்களுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். உப்புச் சுவை தட்டியது.

"யாரு அங்க உன்கிட்ட பேசறது?"

எதிர்க்கடை ஷட்டர் கடைசி வரை ஏறி நின்றது. தெரு முழுக்க ஜனம். கத்தினால் பத்துப் பேர் ஓடிவருவார்கள்.

"உங்க மருமகதாங்க," என்றார் டாக்டர்.

திரையில் எழுத்து நின்றது. பாதிச் சொல்லின் முடிவில் அந்தக் கோடு மட்டும் துடித்தது.

போனின் அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம். யாரோ உட்கார்ந்தார்கள். மூக்கால் ஒரு மூச்சு, நிதானமாக, திருப்தியாக.

பிறகு, எழுதியிருந்த எழுத்துகள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழிய ஆரம்பித்தன.